சோப்போட்: பழைய அளவுக் குண்டுகளைக் கைவிடாத பல்கேரிய ஊர்

2022-இல் பல்கேரியாவைப் பற்றி வந்த செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்குக் குழப்பம் வந்திருந்தால் வியப்பில்லை. உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்பலாமா கூடாதா என்று அந்நாட்டின் ஆளும் கூட்டணி தனக்குள்ளேயே முட்டிக்கொண்டிருந்தது. கூட்டணியில் இருந்த சோசலிஸ்ட் கட்சி கூடவே கூடாது என்றது. அதிபர் ருமென் ராதெவும் எதிர்ப்பு. எனவே அதிகாரபூர்வமாக எதுவும் போகவில்லை. ஆனால் 2023 ஜனவரியில், பதவி இழந்திருந்த பிரதமர் கிரில் பெட்கோவும் அவருடைய நிதியமைச்சர் அஸென் வாஸிலெவும் ஜெர்மன் நாளிதழான 'டி வெல்ட்'டிடம் வேறு கதை சொன்னார்கள். போரின் தொடக்க மாதங்களில் உக்ரைன் படைக்குத் தேவைப்பட்ட குண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பல்கேரியாவிலிருந்துதான் போனது என்பது அந்தக் கதை.

2025 அக்டோபரில் இன்னொரு செய்தி. ஜெர்மனியின் மிகப் பெரிய ஆயுத நிறுவனமான ரைன்மெட்டால், பல்கேரிய அரசு ஆலை ஒன்றுடன் கூட்டு சேர்ந்து, 100 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டுப் புதிய ஆலை கட்ட ஒப்பந்தம் போட்டது. இடம், பத்தாயிரம் பேர் கூட வசிக்காத சோப்போட்.

இத்தனை சின்ன ஊருக்கு எப்படி இத்தனை முக்கியத்துவம்? 'அனுப்பவில்லை', 'மூன்றில் ஒரு பங்கு போனது' என்ற இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும்? இரண்டுக்கும் விடை அந்த ஊரின் தொழிற்சாலையிலும், ஒரு மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டிலும் இருக்கிறது.

## ஊரும் அதன் இரண்டு பெயர்களும்

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் போலந்தின் கடற்கரைச் சுற்றுலா நகரமான சோப்போட்தான் முன்னால் வந்து நிற்கும். நாம் பேசுவது பல்கேரியாவின் நடுவில், ஸ்தாரா பிளானினா மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில், புளோவ்திவ் மாகாணத்தில் இருக்கும் ஊரைப் பற்றி. வடக்கே மலை சுவர்போல் எழுகிறது. கிழக்கே சில கிலோமீட்டரில் சற்றுப் பெரிய பக்கத்து ஊரான கார்லோவோ. தலைநகர் சோஃபியாவிலிருந்து கருங்கடலுக்குப் போகும் ரயில் பாதைகளில் ஒன்று இந்த அடிவாரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கை வெளியுலகம் 'ரோஜாப் பள்ளத்தாக்கு' என்று அறியும். மே மாதக் கடைசியில் விடியற்காலையில் பறிக்கப்படும் டமாஸ்க் ரோஜாவிலிருந்து வாசனைத் திரவியத் தொழிலுக்கான எண்ணெய் வடிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கு மேல் பூ வேண்டும். சுற்றுலாக் கையேடுகள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் நாட்டின் ஆயுதத் தொழிலில் பெரும்பகுதி இதே பள்ளத்தாக்கில்தான் வரிசையாக அமர்ந்திருக்கிறது. எல்லைகளிலிருந்து தள்ளி, மலைக்குக் கீழே ஒதுங்கி, ரயில் பாதையும் கையெட்டும் தூரத்தில் கொண்ட இடம் என்பதால் ரோஜாவுக்கும் குண்டுக்கும் ஒரே முகவரி அமைந்துவிட்டது. ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே உள்ள கஸன்லக்கில் 'ஆர்செனல்' என்ற பழைய ஆலை 1924 முதல் இயங்குகிறது. அது இன்று தனியாருடையது. சோப்போட் ஆலை அரசுடையது. இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பல்கேரியர்களுக்கு சோப்போட் என்றதும் குண்டு நினைவுக்கு வருவதில்லை, இவான் வாஸோவ்தான் நினைவுக்கு வருவார். நவீன பல்கேரிய இலக்கியத்தின் முதுபெரும் எழுத்தாளராகப் போற்றப்படும் அவர் 1850-இல் இங்கே பிறந்தார். ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக 1876-இல் வெடித்த ஏப்ரல் கிளர்ச்சியை வைத்து அவர் எழுதிய நாவலில் இதே ஊர் 'பியாலா செர்க்வா' என்ற பெயரில் வருகிறது. அடுத்த ஆண்டே, ருஷ்ய-துருக்கியப் போரில், ஊர் எரிக்கப்பட்டது. வாஸோவின் தந்தை கொல்லப்பட்டவர்களில் ஒருவர். நாட்டின் விடுதலை வீரராகக் கொண்டாடப்படும் வாஸில் லெவ்ஸ்கி பக்கத்துக் கார்லோவோவில் பிறந்து, 1858-இல் சோப்போட் மடாலயத்தில்தான் துறவியானார். பிறகு துறவைத் துறந்து புரட்சிக்குப் போனார்.

கம்யூனிஸ்ட் அரசு 1950-இல் ஊரின் பெயரையே 'வாஸோவ்கிராத்' என்று மாற்றியது. 1965-இல் பழைய பெயர் திரும்பியது. ஆனால் ஆலையின் மேல் எழுத்தாளர் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'வாஸோவ் இயந்திரக் கட்டுமான ஆலைகள்' என்பது அதன் முழுப் பெயர். மூன்று முதலெழுத்துகளை வைத்து 'வெ-மெ-ஸே' என்றுதான் ஊரார் அழைக்கிறார்கள். 1876 ஏப்ரல் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பீரங்கி விற்க ஆளில்லாததால், செர்ரி மரத்தைக் குடைந்து இரும்புப் பட்டை போட்டுப் பீரங்கி செய்துகொண்டார்கள். அந்தக் கிளர்ச்சியை எழுதியவரின் பெயரில் இன்று டாங்கித் தகர்ப்பு ஏவுகணைகள் செய்கிறார்கள்.

## ஆலை என்ன செய்கிறது?

வெ-மெ-ஸே 1936-இல் தொடங்கப்பட்டது. அது பெருத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பல்கேரியா சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்த அணியில் இருந்த காலத்தில். அந்த அணியில் ஆயுதங்கள் எல்லாம் சோவியத் வடிவமைப்பு. மாஸ்கோ உரிமம் கொடுக்கும், உறுப்பு நாடுகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். சோப்போட்டுக்கு வந்த பங்கில் தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி-7 ஏவியின் குண்டுகள், கம்பி வழியே வழிநடத்தப்படும் ஃபகோட், கோன்குர்ஸ் டாங்கித் தகர்ப்பு ஏவுகணைகள், விமானங்களிலிருந்து ஏவும் ராக்கெட்டுகள், பீரங்கிக் குண்டுகள், அவற்றுக்கான ஃபியூஸ்கள் எல்லாம் அடங்கும். வெளியே சொல்லிக்கொள்ள பேரிங் போன்ற குடிமைப் பொருள்களும் உண்டு.

பல்கேரியப் படைக்கு மட்டும் என்றால் இத்தனை பெரிய ஆலை தேவையே இல்லை. சரக்கு ஏற்றுமதிக்குத்தான். 'கின்டெக்ஸ்' என்ற அரசு வணிக நிறுவனம் மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்க நாடுகளுக்கு விற்றது. நாட்டில் ஆயுதத் தொழிலை நம்பியிருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மொத்த மக்கள்தொகையே அப்போது தொண்ணூறு லட்சத்துக்குள்தான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் கனம் தெரியும்.

## மூன்று மில்லிமீட்டர்

இங்கிருந்து சற்றுத் தொழில்நுட்பம். இதைத் தாண்டிவிட்டுப் படித்தால் அரசியல் புரியாது.

பீரங்கியிலிருந்து சுடப்படும் குண்டை எறிகணை என்கிறோம். அது ஒரே பொருள் அல்ல, நான்கு தனித்தனித் தொழில்களின் கூட்டு.

1. உடல். உருக்குத் துண்டைச் செஞ்சூடாக்கி, அழுத்தி, உட்குடைவாக்கி, கடைந்து, முனையைக் குவிப்பார்கள். அடிப்பகுதியில் செம்புப் பட்டை ஒன்று இறுக்கப்படும். குழலின் உள்சுவரில் உள்ள திருகுவரிகளை அந்தப் பட்டை பற்றிக்கொள்வதால்தான் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகிறது.
2. உள்ளே நிரப்பும் வெடிமருந்து. பெரும்பாலும் டிஎன்டி அல்லது அதன் கலவை.
3. ஃபியூஸ். எப்போது வெடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இது. கைக்கடிகார நுணுக்கத்தில் செய்ய வேண்டிய உறுப்பு.
4. உந்துமருந்து. குண்டைக் குழலிலிருந்து தள்ளும் மருந்து. குண்டு விழும் இடத்தில் வெடிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பஞ்சை அமிலங்களில் பதப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ்தான் இதன் அடிப்படை.

ஆக, 'குண்டு ஆலை' என்று ஒரு நாடு சொன்னால் இந்த நான்கில் எத்தனை அதன் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பலரிடம் முதலாவது இருக்கும், நான்காவது இருக்காது.

அடுத்தது காலிபர், அதாவது பீரங்கிக் குழலின் உள்விட்டம். நேட்டோ நாடுகளின் கனரகப் பீரங்கிகளுக்கு 155 மில்லிமீட்டர் என்பது பொது அளவு. சோவியத் அணியில் அதற்கு நிகரானது 152. அதற்குக் கீழே நேட்டோவில் 105, சோவியத்தில் 122. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 155 குண்டு 152 குழலுக்குள் நுழையவே நுழையாது. 152 குண்டை 155 குழலில் போட்டால், உந்துமருந்தின் வாயு ஓரத்து இடைவெளி வழியே தப்பிவிடும், செம்புப் பட்டையும் வரிகளைப் பற்றாது. உந்துமருந்துப் பொதி, சுடும் கணக்கு அட்டவணை, ஏற்றும் கருவி எல்லாம்கூட வேறு. ஒரு படை எந்த அளவுப் பீரங்கியை வைத்திருக்கிறதோ, அந்த அளவில் குண்டு செய்பவனின் வாசலில்தான் அது நிற்க வேண்டும்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் கையில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே சோவியத் அளவுப் பீரங்கிகள். 122, 152, கிராத் ராக்கெட் ஏவிகள், ஆர்பிஜி-7. எதிரியிடம் இருந்ததும் அதே அளவுகள்தான். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி எவ்வளவு பணக்கார நாடுகளாக இருந்தாலும் அவற்றின் ஆலைகளில் அந்த அளவு குண்டு உருட்டப்படவில்லை. மேற்கத்திய 155 பீரங்கிகள் வந்து, படைவீரர்கள் அவற்றைப் பழகும்வரை பல மாதங்களை ஓட்டியாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய ஆலைகள் உலகில் சிலவே. அவற்றில் ஒரு கொத்து பல்கேரியாவின் ரோஜாப் பள்ளத்தாக்கில் இருந்தது.

## ஏன் அந்த ஆலை மூடப்படாமல் இருந்தது?

மூடப்பட்டிருக்க வேண்டும். எல்லாக் காரணங்களும் இருந்தன. 1989-இல் ஆட்சி விழுந்தது, 1991-இல் வார்சா அணி கலைந்தது. வாடிக்கையாளர்களில் ஈராக்கும் லிபியாவும் ஐநா தடைக்குள் போயின. ஈராக்கிடம் நூறு கோடி டாலருக்கு மேல் பாக்கி நின்றது. பிறகு பல்கேரியாவே 2004-இல் நேட்டோவிலும் 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்துகொண்டது. நேட்டோ உறுப்பு நாடு ஒன்றில் சோவியத் அளவுக் குண்டு செய்யும் அரசு ஆலை என்பது, காலாவதியான மருந்து விற்கும் கடைபோல் எல்லோருக்கும் தோன்றியது.

ஆலை தேய்ந்தது, கடன் ஏறியது, அரசு விற்கப் பார்த்தது. 2012-ஆம் ஆண்டிலும் 2013-ஆம் ஆண்டிலும் மாதக்கணக்கில் சம்பளம் வராத தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அதே சமயத்தில் நடந்த தனியார்மயமாக்கல் முயற்சியும் தோல்வியில் முடிந்தது. வாங்க ஆள் இல்லாததால் அரசிடமே தங்கிவிட்ட சொத்து இது. பின்னாளில் இதை 'தொலைநோக்கு' என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அது தொலைநோக்காகத் தெரியவில்லை, விற்கத் தெரியாததால் கிடைத்த அதிர்ஷ்டமாகத்தான் தெரிகிறது.

ஆலையின் மூச்சை நிற்கவிடாமல் வைத்தது பிறர் வீட்டுப் போர்தான். உலகின் ஏழைப் படைகளும் கிளர்ச்சிக் குழுக்களும் இன்னும் சோவியத் வகை ஆயுதங்களைத்தான் பயன்படுத்துகின்றன. சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அங்குள்ள கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுக்க விரும்பிய அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் கிழக்கு ஐரோப்பாவில் சரக்கு வாங்கத் தொடங்கின. கிழக்கு, தென்கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து மத்தியக் கிழக்குக்கு 120 கோடி யூரோ மதிப்புள்ள ஆயுத விற்பனைக்கு அனுமதி தரப்பட்டதாக 2016-இல் பால்கன் புலனாய்வுச் செய்தியாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தத் தொடர்பு சோப்போட்டில் ஒரு உயிரையும் எடுத்திருக்கிறது. 2015 ஜூனில், ஊருக்கு அருகில் அனேவோ கிராமத்தில் உள்ள ஆலையின் சோதனைத் திடலில் பழைய ஆர்பிஜி குண்டு ஒன்று வெடித்து அமெரிக்க ஒப்பந்ததாரர் ஒருவர் இறந்தார். சிரியக் கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்க ராணுவம் நடத்திய பயிற்சித் திட்டத்துக்காக அவர் அங்கே வந்திருந்தார்.

அச்சுகள் துருப்பிடிக்கவில்லை, கை பழகியவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. 2022-இல் எண்ணப்பட்டது இந்த இரண்டும்தான். குண்டு ஆலையைப் புதிதாகக் கட்ட ஆண்டுகள் ஆகும், ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு இன்னொரு ஷிஃப்ட் சேர்க்க மாதங்கள் போதும்.

## 'அனுப்பவில்லை', ஆனால் போனது

ஆயுத வணிகத்தில் 'இறுதிப் பயனர் சான்று' என்று ஒரு தாள் உண்டு. இந்தச் சரக்கை நான்தான் பயன்படுத்தப் போகிறேன், உன் அனுமதியின்றி வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று வாங்கும் அரசு எழுதிக்கொடுப்பது. அந்தத் தாள் இருந்தால்தான் பல்கேரியாவில் ஏற்றுமதி அனுமதி கிடைக்கும். 2022-இல் நடந்ததை எளிமையாக்கினால் இப்படி வரும்:

1. உக்ரைனுக்குப் பல்கேரிய அரசு தன் படைக்கிடங்கிலிருந்து நேரடியாக எதையும் கொடுக்கவில்லை. நாடாளுமன்றத்தில் அதற்கு அப்போது வழியில்லை.
2. ஆலைகள், தனியார் வணிகர்கள் மூலமாக, போலந்து போன்ற நட்பு நாடுகளுக்கு விற்றன. விற்பனை என்பது வணிகம், அதற்குத் தடையில்லை.
3. வாங்கியவர்கள் உக்ரைனுக்கு அனுப்பினார்கள். பணத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் பங்கு போட்டன.
4. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் முழு உண்மையும் சொல்லவில்லை.

பெட்கோவ் அரசு 2022 ஜூனில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் நாடாளுமன்றம் உக்ரைனுக்கு நேரடி ராணுவ உதவி கொடுக்க, 175-க்கு 49 என்ற வாக்குகளில், ஒப்புதல் தந்தது. அதற்குள் ஏற்றுமதி எப்போதோ உச்சத்துக்குப் போய்விட்டிருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. ஆயுதம் அனுப்பக் கூடாது என்று மேடையில் முழங்கிய சோசலிஸ்ட் கட்சியிடம்தான் அந்தக் கூட்டணியில் பொருளாதார அமைச்சகம் இருந்தது. வெ-மெ-ஸே அரசு ஆலை என்பதால் அந்த அமைச்சகத்தின் கீழ்தான் வரும். ஆலை மூன்று ஷிஃப்ட் ஓடுவதை நிறுத்த அந்த அமைச்சர் ஆணை பிறப்பிக்கவில்லை.

## வெடிப்புகள்

ஆயுதத் தொழில் ஊரில் அவ்வப்போது வெடிப்புகள் நடக்கும் என்பது எழுதப்படாத விதி. 2014 அக்டோபரில் வடமேற்கு பல்கேரியாவின் கோர்னி லோம் கிராமத்தில் பழைய கண்ணிவெடிகளைச் செயலிழக்கச் செய்யும் ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். ஆனால் சோப்போட் ஆலையின் கதையில் விபத்து என்று சொல்லிக் கடந்துவிட முடியாத இரண்டு சம்பவங்கள் உண்டு. 2015 மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஆலைக்குச் சொந்தமான இகனோவோ கிராமத்துப் பிரிவில் அடுத்தடுத்துக் கிடங்குகள் வெடித்தன. அந்த ஏப்ரல் கடைசியிலேயே, இகனோவோ கிடங்கில் சரக்கு வைத்திருந்த ஆயுத வணிகர் எமிலியான் கெப்ரெவ் சோஃபியாவில் விஷத்துக்கு ஆளாகி உயிர் பிழைத்தார்.

ஆறு ஆண்டு கழித்து, 2021 ஏப்ரலில், பல்கேரிய அரசு வழக்குத் தொடுப்போர் 2011 முதல் 2020 வரை நடந்த நான்கு வெடிப்புகளுக்கும் ருஷ்ய ராணுவ உளவு அமைப்புக்கும் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கிறோம் என்று அறிவித்தார்கள். இகனோவோ சம்பவங்கள் இரண்டும் அந்த நான்கில் அடங்கும். கிடங்குகளில் இருந்த சரக்கு ஜார்ஜியாவுக்கும் உக்ரைனுக்கும் போகவிருந்தது என்பது அவர்கள் கூறிய காரணம். ருஷ்யா மறுத்தது.

சட்டத்தின் கண்ணில் இது நிரூபிக்கப்பட்ட குற்றம் அல்ல. ஆனால் 2022-க்கு ஏழு ஆண்டுகள் முன்பே இந்தப் பள்ளத்தாக்கின் கிடங்குகளை யாரோ போர்க்களத்தின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்திருக்கலாம் என்ற எண்ணம் அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல.

## ஜெர்மானியர்கள் ஏன் வருகிறார்கள்?

இப்போது ரைன்மெட்டாலுக்கு வருவோம். ஒப்பந்தம் 2025 அக்டோபர் 28 அன்று சோஃபியாவில் கையெழுத்தானது. கூட்டு நிறுவனத்தில் ரைன்மெட்டாலுக்கு 51 சதவீதம், பல்கேரியத் தரப்புக்கு 49. தயாரிக்கப் போவது இரண்டு. 155 மில்லிமீட்டர் எறிகணைகள், உந்துமருந்து.

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

155 என்பதன் பொருள், பழைய அளவின் காலம் மெல்ல முடிகிறது என்பது. உக்ரைனின் சோவியத் பீரங்கிகள் தேய்ந்தும் அழிந்தும் போகின்றன, புதிதாக வருபவை நேட்டோ அளவு. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டுக்குள் பத்து லட்சம் குண்டு தருவதாக உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்தது. ஓராண்டு முடிவில் கொடுக்க முடிந்தது பாதியளவுதான். அந்தத் தோல்வி ஐரோப்பியத் தலைநகரங்களை உலுக்கியது. உற்பத்தியைக் கூட்ட 50 கோடி யூரோவில் ஒரு சட்டமும், 2025-இல் பாதுகாப்புக் கொள்முதலுக்காக 15,000 கோடி யூரோ கடன் திட்டமும் வந்தன. பின்னதில் பல்கேரியாவுக்கு ஒதுக்கப்பட்டது 300 கோடி யூரோவுக்கு மேல். கூட்டு நிறுவனத்தில் தன் பங்கை இந்தக் கடனிலிருந்து போடுவதுதான் சோஃபியாவின் திட்டம்.

உந்துமருந்துதான் இதில் உண்மையான செய்தி என்பது என் கருத்து. குண்டின் உருக்கு உடலை நல்ல பட்டறை எதுவும் கற்றுக்கொள்ளும். உந்துமருந்து அப்படியல்ல. அது ரசாயனத் தொழில், ஆபத்தானது, அனுமதி பெறுவது கடினம், பக்கத்தில் குடியிருப்பு இருக்கக் கூடாது. அதன் மூலப்பொருளான பஞ்சுகூட ஒரு சிக்கல். பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சில்தான் நல்ல நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். ஐரோப்பா அதைப் பெருமளவில் சீனாவிடம் வாங்குகிறது. டிஎன்டியைப் பொறுத்தவரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெரிய அளவில் செய்வது போலந்தின் பிட்கோஷ்ச் நகரிலுள்ள ஒரே ஆலை. எண்பதுகளில் தாராளமாக இருந்த இந்த அடித்தளத்தை, அமைதி நிரந்தரம் என்று நம்பிய முப்பது ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பா மூடிவிட்டது. பணத்தை இப்போது கொட்டினாலும் எங்கே கொட்டுவது என்பதுதான் கேள்வி. வெடிமருந்து ஆலைக்குப் பழகிய ஊர், ஆலை வேண்டாம் என்று பேரணி நடத்தாத மக்கள், அரசிடமே இருக்கும் நிலம், ரயில் பாதை, குறைந்த கூலி எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

49 சதவீதம் என்ற எண்ணையும் கவனியுங்கள். கட்டுப்பாடு ஜெர்மனியிடம். எந்த வாடிக்கையாளருக்கு முதலில், என்ன விலை, எப்போது விரிவாக்கம் என்ற முடிவுகள் ரைன்மெட்டாலின் தலைமையகம் உள்ள டூசல்டோர்ஃபில் எடுக்கப்படும். பழைய ஏற்பாட்டில் இந்த முடிவுகள் மாஸ்கோவில் எடுக்கப்பட்டன. இரண்டும் ஒன்றல்ல. இப்போது பல்கேரியா தன் விருப்பத்தில் கையெழுத்திடுகிறது, பங்காளியாக லாபமும் பெறுகிறது. ஆனாலும் வடிவமைப்பும் சந்தையும் வெளியே, உழைப்பும் ஆபத்தும் உள்ளே என்ற பிரிவினை அப்படியேதான் நிற்கிறது.

## ஊருக்கு என்ன கிடைக்கிறது?

சம்பளம் கிடைக்கிறது. அது சின்ன விஷயமல்ல. 2013-இல் சம்பளம் கேட்டுச் சாலையில் நின்ற ஆலையில் இன்று ஆள் எடுக்க முடியவில்லை என்பதுதான் புகார். 1989-இல் தொண்ணூறு லட்சத்தை நெருங்கியிருந்த பல்கேரிய மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். இளைஞர்கள் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள், சிற்றூர்களில் மிஞ்சியது முதியவர்கள். சோப்போட் தன் ஆள்களை மட்டும் வைத்து இந்த ஆலையை ஓட்ட முடியாது. கார்லோவோவிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆள் வந்தாக வேண்டும்.

ஆனால் ஆலையின் லாபம் நகராட்சிக்குப் போகிறதா? பெரும்பாலும் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. பல்கேரியாவில் நிறுவன வருமான வரியும் தனிநபர் வருமான வரியும் தலா பத்து சதவீதம், இரண்டும் மத்திய கருவூலத்துக்கே போகின்றன. நகராட்சி சொந்தமாக வசூலிப்பது சொத்து வரி, வாகன வரி, குப்பைக் கட்டணம் போன்றவை. ஆலை இரட்டிப்பு லாபம் ஈட்டினாலும் ஊரின் சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது தானாக வந்து சேராது. அரசு ஆலை என்பதால் ஈவுத்தொகையும் சோஃபியாவுக்குத்தான். சாலைக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டுமென்றால் நகரத்தலைவர் தலைநகருக்குப் போய்க் கேட்க வேண்டும். ஆனால் விபத்து நேர்ந்தால் அது ஊரில்தான் நேரும்.

வேறு வருமானம் இல்லையா என்று கேட்டால், உண்டு. வாஸோவ் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. மலையின் காற்றோட்டம் பாராகிளைடிங்குக்கு ஏற்றது என்பதால் ஐரோப்பா முழுவதிலுமிருந்து பறப்பவர்கள் வருகிறார்கள். மேலே போக நாற்காலி லிஃப்ட் உள்ளது. வசந்தத்தில் வானம் நிறைய வண்ணக் குடைகள் மிதக்கும், கீழே கூரை வரிசையாக ஆலைக் கட்டடங்கள். ஆனால் பறப்பவர்களின் விடுதிச் செலவை வைத்து சில ஆயிரம் குடும்பங்களுக்குச் சம்பளம் போட முடியாது.

இனி எது நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உக்ரைனில் போர் நின்றால், பழைய அளவுக் குண்டுக்கான அவசரத் தேவை விழும். முன்பு இப்படி விழுந்தபோது ஆலை இருபது ஆண்டு தள்ளாடியது. இம்முறை அந்த வீழ்ச்சியை 155 ஆலை தாங்கும் என்பதுதான் சோஃபியாவின் எண்ணம். காலியாகிக் கிடக்கும் நேட்டோ கிடங்குகளை நிரப்பவே பல ஆண்டு ஆகும் என்பதால் அந்த எண்ணத்துக்கு அடிப்படை உண்டு. போர் நீண்டால் இரண்டு வரிசையும் ஒருசேர ஓடும், ஆள் பற்றாக்குறை இன்னும் இறுகும். மூன்றாவது சாத்தியம், அளவுக்கு மீறிய கொள்ளளவு. இன்று ஜெர்மனி, ஹங்கேரி, லிதுவேனியா, ருமேனியா என்று எங்கும் குண்டு, மருந்து ஆலைகள் எழுகின்றன. எல்லாம் ஓடத் தொடங்கியபின் ஆர்டர் குறைந்தால் எந்த ஆலையை முதலில் மெதுவாக்குவது என்று 51 சதவீதக்காரர் முடிவெடுப்பார்.

ஐரோப்பியக் கடனைத் திருப்பிக் கட்ட 45 ஆண்டு வரை தவணை உண்டு. அதாவது இப்போது ஆலையில் வேலைக்குச் சேரும் இருபது வயது இளைஞர் ஓய்வு பெறும்போதும் தவணை முடிந்திருக்காமல் இருக்கலாம். முதல் பத்து ஆண்டு அசல் கட்ட வேண்டியதில்லை.